மலைக்காட்டுத் தேவாங்கு



உடல் மெலிந்த ஒருவனைக் கண்டால், 'தேவாங்குபோல் இருக்கிறான்' என்பது நம்மவர் வழக்கு. ஏளனத்திற்கு உவமையாகிவிட்ட அவ்வுயிருக்கும் நமது மலைநாட்டு வரலாற்றிற்கும் உள்ள தொடர்பை இன்று சிறிது ஆராய்வோம்.

குரங்குகளையும் மனிதனையும் உள்ளிட்ட பெருங்குலத்தைச் சேர்ந்ததே தேவாங்கு. கொங்கோ நாட்டுப் போனோபோ என்னும் வாலில்லாக் குரங்கு நமக்கு மிக நெருங்கிய உறவினம். தேவாங்கோ 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே பிரிந்து சென்ற கிளையினது. ஆயினும் இவ்விரண்டின் வரலாற்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. சிம்பன்சியினின்றும் போனோபோவைப் பிரித்து நிற்பது கொங்கோ ஆறு. தாழ்நிலத் தேவாங்கினின்றும் மலைத் தேவாங்கை வேறாக்கியவை உயரமும் குளிரும் ஆகும். அடர்ந்த உரோமமும் குறுகிய கைகால்களும் குளிரைத் தாங்குதற்கு ஏற்ற அமைப்புகள் என்பர் அறிஞர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிருக்காக மலைநாட்டுப் பெருங்காடுகள் வீழ்ந்தன. 1867 ஆம் ஆண்டிலே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் மலைச்சரிவுகள் தென்னிந்தியாவினின்றும் வந்த நம் முன்னோரின் உழைப்பாற் பசுமை போர்த்தன. ஆனால் அப்பசுமை காட்டின் பசுமை அன்று.

1873 ஆம் ஆண்டில், கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடுமாறு அரசாங்கத்திற்கு அறிவுரை கூறினார். அதன்வழி பிறந்த தடையாணையே ஹோர்ட்டன் சமவெளிக் காடுகள் எஞ்சுதற்குப் பெரிதும் துணையாயிற்று. அக்காடுகளில் ஒரு தனித்த தேவாங்கு வாழ்வதை அன்று விஞ்ஞான உலகம் அறிந்திலது.

1937 இலேதான் அது ஆய்வாளர் கைக்கு எட்டியது. கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியற் பேராசிரியராயிருந்த ஒஸ்மன் ஹில் 1942 இல் அதற்குப் பெயரிட்டு விவரித்தார். பின்னர்ப் பல்லாண்டுகள் ஆய்வாளர் எவர் கண்ணிலும் படாமையால், அழிந்தொழிந்தது என்றே எண்ணினர். 2002 இல் மீண்டும் தென்பட்டது. 2010 இல் அதன் முதல் ஒளிப்படங்கள் வெளிவந்தன. மாண்டதென்று கருதப்பட்ட உயிர் மரக்கிளையைப் பற்றியவாறு, அகன்ற விழிகளால் உலகை நோக்கி நின்றது!

ஹோர்ட்டன் சமவெளி 1988 இல் தேசிய பூங்காவாயிற்று. 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. எனினும் ஆபத்து நீங்கவில்லை. தேவாங்கு குரங்கைப்போலத் தாவ வல்லது அன்று. கிளையினின்றும் கிளைக்குப் பற்றிப் பற்றியே இரவில் இரை தேடும். இரண்டு காட்டுத் துண்டுகளுக்கிடையே ஒரு தேயிலை மலையோ அகன்ற பாதையோ குறுக்கிடின், அஃது அதற்குக் கடத்தற்கரிய கொங்கோ ஆறே. சிறு கூட்டங்கள் தனித்தனியே ஒதுங்கி, நாளடைவில் நலியும்.

தேயிலை நமது வாழ்வு. அதனை விடுதல் இயலாது. ஆயினும், ஓடைக்கரைகளில் நாட்டு மரங்களைத் தொடர்ச்சியாக வளர்த்தல் இயலாத காரியமன்று. தேவாங்கிற்கு அது பாலமாகும். ஓடைக்கு அது நிழலாகும். ஒருவர் கூறிய அறிவுரை, அவர் அறியாத ஓருயிரையும் காத்தது. அறிந்த நாம் வாளாவிருத்தல் தகுமோ?