அம்பாங் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை: கிள்ளான் ஆற்றங்கரையில் நடக்க, சைக்கிள் ஓட்ட இடம் எங்கே?

கோலாலம்பூர் நகரம் ஒரு நடைப்பயணத்தில் பிறந்தது. 1857-இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் படகில் வந்து, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் இறங்கினார்கள். அதற்கு மேல் படகு போகவில்லை. மூட்டைகளைச் சுமந்துகொண்டு காட்டு வழியே அவர்கள் நடந்து சேர்ந்த இடம் அம்பாங். ஈயம் கிடைத்தது, மலேரியாவும் கிடைத்தது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் உயிரோடு இருந்தவர்கள் 18 பேர்தான். ஈய லம்பங்களுக்காகத் தண்ணீரைத் தேக்கிய அணையை மலாயில் ‘எம்பாங்’ என்பார்கள். அம்பாங் என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

அந்தக் கூடுதுறைக்கும் அம்பாங்கிற்கும் இடையே இன்று ஆற்றங்கரையோடு நடந்தே போய்விட முடியுமா? முழுவதும் முடியாது. ஆனால் கிள்ளான் ஆற்றை ஒட்டி நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் சில துண்டுகள் உண்டு. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்து போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீணாகாது.

முதலில் மஸ்ஜிட் ஜாமெக். ‘வாழ்வின் நதி’ என்ற திட்டத்தின்கீழ் 2011-க்குப் பிறகு சீரமைக்கப்பட்ட பகுதி இது. ஆற்றைத் தூய்மைப்படுத்துவது, கரையை அழகுபடுத்துவது, கரையோர நிலத்தை மேம்படுத்துவது என மூன்று பாகங்கள் கொண்ட இத்திட்டத்திற்கு அரசாங்கம் அறிவித்த செலவு 440 கோடி வெள்ளி. அழகுபடுத்தும் வேலை கிள்ளான், கோம்பாக் ஆறுகளில் மொத்தம் 10.7 கிலோமீட்டர். 2017 ஆகஸ்டில் கூடுதுறைப் பகுதி திறக்கப்பட்டது. நீல விளக்கும் செயற்கைப் பனிமூட்டமுமாக இரவில் படம் எடுக்கக் கூட்டம் கூடும் இடம் அதுதான். 1909-இல் கட்டி முடிக்கப்பட்ட பள்ளிவாசலின் பின்புறம் கல் பதித்த நடைபாதை, சென்ட்ரல் மார்க்கெட் பக்கம் இறங்குகிறது. தரை சமமானது, வயதானவர்களும் தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர்களும் சிரமமின்றி நடக்கலாம். ஆனால் நீளம் குறைவு. உடற்பயிற்சிக்காக வருபவர் இரண்டு மூன்று முறை போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

அடுத்தது சைக்கிள் பாதை. மிட்வேலியிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை ஒட்டி டத்தாரான் மெர்டேக்கா வரை சுமார் 5.5 கிலோமீட்டர் நீளத்திற்கு 2015-இல் தனிச் சைக்கிள் பாதை திறக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி கிள்ளான் ஆற்றை ஒட்டியே செல்கிறது. பிரிக்பீல்ட்ஸ் தமிழர்களுக்கு இந்தக் கரை புதிதல்ல. ரயில்வேயில் வேலை பார்த்த இந்திய, இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகக் குடியிருந்த இடம். லோரோங் ஸ்காட் கந்தசுவாமி கோவிலும் ஆற்றுக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. பாதையில் மோட்டார் சைக்கிள்கள் நுழைகின்றன, சாலையைக் கடக்கும் இடங்களில் தொடர்ச்சி அறுந்துபோகிறது என்ற புகார்கள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. புதிதாக ஓட்டுபவர்கள் தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது.

அம்பாங்கின் நிலை வேறு. கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டிலிருந்து உலு கிள்ளான் வழியாக இறங்கிவரும் ஆறு, அம்பாங் ஆற்றைச் சேர்த்துக்கொண்டு நகருக்குள் நுழைகிறது. இந்த வழியில் ஆற்றை முதலில் பிடித்துக்கொண்டது நடைபாதை அல்ல, நெடுஞ்சாலை. 2001-இல் திறக்கப்பட்ட ஆக்லே, அதாவது அம்பாங் – கோலாலம்பூர் மேம்பால நெடுஞ்சாலை, சுமார் 7.9 கிலோமீட்டர் நீளம். அதன் பெரும்பகுதி ஆற்றின் மேலேயும் கரையை ஒட்டியுமே தூண் ஊன்றி நிற்கிறது. காரில் போகிறவருக்கு அம்பாங் நகருக்கு மிக அருகில் வந்துவிட்டது. நடந்து போகிறவருக்குக் கீழே ஓடும் ஆறு கண்ணிலேயே படுவதில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்ட சலோமா பாலம், கம்போங் பாருவையும் ஜாலான் அம்பாங்கையும் இணைக்கும் 69 மீட்டர் நடைபாலம். பாடகி சலோமாவின் பெயர். வடிவம் மலாய்த் திருமணங்களில் வைக்கும் வெற்றிலை அடுக்கு. ஆற்றையும் நெடுஞ்சாலையையும் ஒன்றாகக் கடந்து, இரட்டைக் கோபுரத்தைப் பார்த்தபடி நடக்கலாம். முன்பு சுற்றிப் போகவேண்டிய தூரம் இப்போது சில நிமிடம்.

இன்னொரு சிக்கல் எல்லை. அம்பாங் என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் ஊர் இரண்டு நிர்வாகங்களில் கிடக்கிறது. ஒரு பாதி கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் கீழ். மறு பாதி சிலாங்கூரில், அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் கீழ். ஆறும் அதன் கரை ஒதுக்கீடும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பொறுப்பு. ஒரு நீண்ட பாதை வேண்டுமானால் இத்தனை பேரும் ஒரே வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

முடியாத காரியம் அல்ல. தென்கொரியாவின் சோல் நகரில் சொங்கியேசொன் ஓடையை மூடியிருந்த மேம்பாலச் சாலையை இடித்துவிட்டு, 2005-இல் சுமார் 5.8 கிலோமீட்டர் நடைபாதையோடு ஓடையைத் திறந்துவிட்டார்கள். அண்டை நாடான சிங்கப்பூரின் பீஷான் பூங்காவில் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 2012-இல் புல்கரையுள்ள ஆறாக மாற்றினார்கள். ஆக்லேயை யாரும் இடிக்கப்போவதில்லை. ஆனால் தூண்களுக்கு இடையே ஒரு பாதைக்கு இடம் பார்க்கலாம்.

நம் சமூகத்துக்கு இது வெறும் பொழுதுபோக்கு விஷயமும் அல்ல. நாட்டில் நீரிழிவு அதிகமாக இருப்பது இந்தியர்களிடம்தான் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டுகின்றன. தோட்டத்தில் இருந்தவரை விடியலில் பால் மரம் வெட்ட நடந்தோம், சைக்கிளில் சாமான் ஏற்றினோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்கு வந்தபின் கால்களுக்கு வேலை இல்லை. வீட்டு வாசலிலிருந்து கட்டணமின்றி நடக்க ஒரு பாதை இருந்தால், அதன் பலன் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் பணம் கட்ட முடியாதவருக்குத்தான் முதலில் போகும்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. காலை ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவது உத்தமம். நம் ஊர் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியோடு இறங்கும். நகரில் தூறல்கூட இல்லாதபோது மலையடிவாரத்தில் பெய்த மழை ஆற்றைச் சட்டென்று உயர்த்திவிடும். 1971 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 2007-இல் இயங்கத் தொடங்கிய ஸ்மார்ட் சுரங்கம், அம்பாங் அருகே கம்போங் பெரெம்பாங்கில் வெள்ளத்தை வாங்கி 9.7 கிலோமீட்டர் நிலத்தடியில் தாமான் டேசா பக்கம் கொண்டுபோகிறது. அப்படி இருந்தும் கரையோரப் பாதையில் தண்ணீர் ஏறுவது உண்டு. வெள்ள அபாயச் சங்கு ஒலித்தால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் மேலே ஏறிவிட வேண்டும்.

தண்ணீரில் கால் நனைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். நீர்த் தரத்தை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். உடலில் படும் கேளிக்கைக்கு ஏற்றது இரண்டாம் வகுப்பின் ‘பி’ பிரிவு. ‘வாழ்வின் நதி’ வைத்துக்கொண்ட இலக்கு அதுதான். தொடங்கும்போது நகரப் பகுதியில் ஆறு மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை கிடந்தது. வெள்ளம் வடிந்த பின் கரையில் தேங்கும் சேற்றில் எலிச்சிறுநீர்க் காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். காலில் புண் உள்ளவர்கள், குறிப்பாக நீரிழிவுக்காரர்கள், மூடிய காலணி போட வேண்டும்.

அம்பாங்வாசிகள் மஸ்ஜிட் ஜாமெக்கிற்கு அம்பாங் எல்.ஆர்.டி.யில் மாறாமல் போகலாம். சைக்கிளை ரயிலில் ஏற்றுவதானால் மடிக்கும் சைக்கிள்தான் வசதி. நேரக் கட்டுப்பாட்டை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, பழைய லம்பக் குட்டையைச் சுற்றி அமைந்த அம்பாங் ஹிலிர் ஏரிப் பூங்கா இன்னும் சுலபம். பாதையில் எரியாத விளக்கு, பெயர்ந்த கல் கண்டால் புகைப்படத்தோடு, எல்லையைப் பார்த்து, மாநகர் மன்றத்துக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ எழுதுங்கள். ஆற்றுக்குள் குப்பையோ கரை இடிந்ததோ என்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகா.