சேணத் தையல்

ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் நுழைத்து இறுக்கும் தோல் கைத்தையல். குதிரைச் சேணம் தைத்தவர்களால் பெயர் பெற்றது. பணப்பை, இடுப்புப்பட்டி செய்து பழகுவோர் முதலில் கற்க வேண்டியது இதுவே. இயந்திரத் தையலில் ஓர் இடம் அறுந்தால் அடுத்தடுத்த கண்ணிகளும் நெகிழும். சேணத் தையலில் நூலின் மறு பாதி பிடித்துக்கொள்ளும்.

தைக்கும் நீளத்தைப் போல் ஏறக்குறைய 4 மடங்கு நூல் எடுத்து, தேன்மெழுகு பூசி, குத்தூசியால் துளையிட வேண்டும். தையல் கோணினால் பெரும்பாலும் குற்றம் ஊசி நுழைக்கும் வரிசையில்தான். எப்போதும் ஒரே பக்கத்து ஊசியையே முதலில் நுழைத்தால் கண்ணிகள் ஒரே சாய்வில் விழும். இரண்டாவது ஊசி முதல் ஊசியின் நூலைக் குத்திவிட்டால் இறுக்காமல் உருவி எடுத்து மறுபடி நுழைப்பதே வழி.

பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலே இதற்கு உகந்தது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை பதனிட நெடுங்காலம் பயன்பட்டது. குரோமியத்தில் பதனிட்ட தோல் மென்மையானது, ஆனால் அழுத்திப் பதிக்கும் அச்சுவேலை அதில் நிற்காது.

கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற கடலோர இடங்களில் ஈரக்காற்றால் தோலில் பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீன் பையில் கட்டி வைக்கக்கூடாது. உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடுக. கடும் வெயிலில் தோல் விறைத்து வெடிக்கும்.