கல்வெட்டுத் தமிழில் முதலீட்டுச் சொற்கள்: முதல், பொலிசை, பங்கு

முன்னுரை

பெங்களூரு நகரின் தொம்லூரில் அமைந்துள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் பல காணப்படுகின்றன. அவற்றுள் இவ்வூர் தேசிமாணிக்கப் பட்டினம் எனவும் வழங்கப்படுகிறது. பட்டினம் என்னும் ஈறு இவ்வூரின் வணிகத் தொடர்பைச் சுட்டுவதாகக் கொள்ளலாம். இதே நகரில் 1963-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பங்குச் சந்தை, 2014-இல் செபியின் ஆணைப்படி விலகிக்கொண்டது. இன்று பங்கு வாங்குவதும் விற்பதும் கைபேசி வழியாகவே நிகழ்கின்றன. சந்தையின் வடிவம் மாறினும் அதனைப் பேசும் தமிழ்ச் சொற்களுட் சில ஆயிரம் ஆண்டுப் பழமை உடையவை. அச்சொற்கள் முன்னர் அளித்த பொருளுறுதியையும் இன்று அவை ஏற்றுள்ள பொருளையும் ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலும் ஊதியமும்

வணிகத்தில் இடப்படும் தொகையைக் குறிக்கும் ‘முதல்’ என்னும் சொல் திருக்குறளிலேயே இடம்பெற்றுள்ளது. முதல் இல்லாதவர்க்கு ஊதியம் இல்லை என்னும் உலகியல் உண்மையை 449-ஆம் குறள் உவமையாகக் கையாள்கிறது. வரக்கூடிய ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்பது 463-ஆம் குறளின் கருத்து. ‘ஊதியம்’ அங்கு இலாபம் என்னும் பொருளது. இன்றோ அச்சொல் சம்பளத்தைக் குறிக்கிறது. ‘முதல்’ மட்டும் தன் பழம்பொருளை இழக்கவில்லை. முதல் என்பது காக்கப்பட வேண்டியது என்னும் எண்ணம் அச்சொல்லோடு தொடர்ந்து வந்துள்ளது.

பொலிசை

தொம்லூர்க் கல்வெட்டொன்று போசள மன்னன் வீர இராமநாதன் அவ்வூர் வருவாயிலிருந்து கோயிலுக்குப் பத்துப் பொன் வழங்கியதைக் கூறுகிறது. ஊர் வருவாயில் ஒரு பகுதியை அளிப்பது ஒரு கொடை முறை. ஒரு தொகையை முதலாக வைத்து, அதன் பெருக்கத்தை மட்டும் செலவிடுவது மற்றொரு முறை. பின்னதற்குரிய விரிவான சான்றுகளைத் தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் தருகின்றன.

அங்குக் கோயிலின் காசுகள் ஊர்ச் சபைகளிடம் கொடுக்கப்பட்டன. ஓராண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு பொலிசையாகப் பெறப்பட்டது. சில இடங்களில் அது மூன்று குறுணி நெல்லாக அளக்கப்பட்டது. காசுக்கு இரு கலம் நெல் என்னும் விலைப்படி, மூன்று குறுணி என்பதும் எட்டில் ஒரு பங்கே. அதாவது இன்றைய கணக்கில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி.

‘பொலிதல்’ என்பது பெருகுதல். களத்தில் தூற்றிக் குவித்த நெல்லும் ‘பொலி’ எனப்படும். ஆகவே பொலிசை என்பது விளைச்சலின் மொழியிலிருந்து கடன் உலகிற்குப் பெயர்ந்த சொல் எனக் கருதலாம். தமிழில் இது வழக்கிழந்து ‘வட்டி’ நிலைபெற்றது. மலையாளத்தில் ‘பலிச’ என இன்றும் வழங்குகிறது. வீதம், காலம், பெறுவோர், தருவோர் ஆகிய நான்கும் கல்லில் வரையறுக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. இன்றைய கடன்பத்திரமும் வைப்புத்தொகையும் இம்மரபினவே.

சாவா மூவாப் பேராடு

நந்தா விளக்கு ஒன்று எரிக்க 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அதற்கு ஈடாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கப்பட வேண்டும். ஆடுகள் இறக்கும், மூப்படையும். எனினும் கல்வெட்டுகள் இவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. இறந்ததன் இடத்தைப் பிறந்ததைக் கொண்டு நிரப்பி, எண்ணிக்கை குறையாமல் காப்பது பெற்றவன் பொறுப்பு. முதல் அழியாமை என்னும் கருத்திற்கு இதனினும் தெளிவான சொல்லாட்சி அரிது. ஆயின் இழப்பு மறைந்துவிடவில்லை. அது கொடையாளரிடமிருந்து இடையர்பால் மாற்றப்பட்டது என்பதையும் மறத்தலாகாது.

பங்கு

‘பங்கு’ இதனின் முற்றிலும் வேறுபட்ட சொல். சோழர் காலப் பிரமதேய ஊர்களிலும் அதன் பின்னரும் பொது நிலத்தின் உரிமை பங்குகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. பங்குடையோர் அதனை விற்கவும் கொடுக்கவும் இயன்றது. பங்கின் பயன் விளைச்சலைப் பொறுத்தது. மழை பொய்த்தால் பங்குடையோர்க்கும் குறைவே. பொலிசைக்கு உள்ள அறுதியான வீதம் பங்கிற்கு இல்லை. நிறுவன உரிமையின் கூறாகிய இன்றைய பங்கிற்கு இச்சொல் அமைந்தது மிகவும் பொருத்தமே.

இற்றைநாட் சிக்கல்

வைப்புத்தொகை, கடன்பத்திரம், பங்கு, பரஸ்பர நிதி ஆகிய அனைத்தும் இன்று ‘முதலீடு’ என்னும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. பொலிசை மரபில் முதல் காக்கப்படும். பங்கு மரபில் அவ்வுறுதி இல்லை. இவ்விரு மரபுகளையும் ஒரே சொல் அடக்குவதால், பங்கில் இட்ட தொகையும் குறையாது என எண்ணுவதற்கு இடம் ஏற்படுகிறது. ஓய்வுக்காலத் தொகையைக் கையில் வைத்திருப்போர்க்கு இச்சொல் மயக்கம் வெறும் மொழிச் சிக்கல் அன்று, வாழ்க்கைச் சிக்கலாகும்.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பரஸ்பர நிதிகள் வழங்கிய ‘டிவிடெண்ட்’ என்னும் ஈவுத்தொகையைப் பலர் வட்டி போன்ற கூடுதல் வருவாயாகக் கருதினர். உண்மையில் அத்தொகை நிதியிலிருந்தே கழிக்கப்படுவது. அதில் முதலீட்டாளரின் சொந்த முதலும் அடங்கியிருக்கலாம். இதனால் செபி, 2021 ஏப்ரல் 1 முதல் அத்திட்டங்களின் பெயரை ‘வருவாய்ப் பகிர்வும் முதல் திரும்பப் பெறுதலும்’ என்னும் பொருள்படுமாறு மாற்றியது. பெயர் பிழைபட்டால் பொருளும் பிழைபடும் என்பதை ஒழுங்குமுறை அமைப்பே ஏற்றுக்கொண்ட நிகழ்வு இது எனலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால், நிதிச் சந்தையின் அடிப்படைக் கருத்துகளாகிய காக்கப்படும் முதல், வரையறுத்த பெருக்கம், விளைச்சலுக்கு உட்பட்ட பங்கு ஆகியவை தமிழில் தனித்தனிச் சொற்களால் தெளிவாக வேறுபடுத்தப்பட்டிருந்தன என்பது புலனாகிறது. புதிய கலைச்சொல் ஆக்குவோர் பிறமொழிச் சொல்லுக்கு நிகர் தேடுவதோடு அமையாமல், இழப்பு நேரின் அது யாரைச் சாரும் என்பதைச் சொல் உணர்த்துகிறதா எனவும் நோக்க வேண்டும். விளக்கெரிக்கும் ஆட்டுக்கும் அந்த வினாவை எழுப்பி விடை பொறித்தவை நம் கல்வெட்டுகள். தொம்லூர் தொடங்கித் தஞ்சை வரை பரந்துள்ள அச்சொற்களைத் தொகுத்து, இன்றைய நிதித் தமிழுக்கு அடிப்படையாக்குவது தமிழ்த்துறைகளின் கடமையாகும்.