தோல்வி கற்பித்த பாடம்

துடுப்பாட்ட உலகில் வளர்ந்துவரும் நாடுகளுக்குப் பேரணிகளோடு பொருதும் வாய்ப்பு அரிது. ஆதலின், உலகக் கிண்ணத்துக்கு முன்னர் அயல்மண்ணில் ஆடும் பயிற்சி ஆட்டங்களே அவற்றுக்குப் பள்ளிக்கூடமாகின்றன. 2007ஆம் ஆண்டு அயர்லாந்து அணி இதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வணியினருட் பலர் வேறு தொழில் செய்து வாழ்ந்தவர்கள். ஆண்டின் தொடக்கத்தில் நைரோபியில் நடந்த தொடரில் ஆறு அணிகளுள் ஐந்தாம் இடமே அவர்களுக்குக் கிட்டியது. கைக்கெட்டிய வெற்றிகள் சில இறுதி வேளையில் நழுவின. மார்ச் மாதம் திரினிடாட்டில் தென்னாபிரிக்காவுடன் ஆடிய பயிற்சி ஆட்டத்திலும் 35 ஓட்டங்களால் தோற்றனர். எனினும், வலிய அணியொன்றை நெருங்கி நின்று பொரலாம் என்பதை அத்தோல்வியே புலப்படுத்திற்று.

உலகக் கிண்ணம் தொடங்கியது. மார்ச் 15இல் யமேக்காவில் சிம்பாப்வேயுடனான ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மார்ச் 17, அயர்லாந்தின் புனித பற்றிக் திருநாள். அன்று பாக்கிஸ்தானை 132 ஓட்டங்களுக்குள் அடக்கி, மூன்று விக்கெட்டுகளால் வென்றனர். நைல் ஓபிரையன் 72 ஓட்டங்கள் பெற்றார்.

பத்தாண்டு கழித்து, 2017இல் அயர்லாந்து டெஸ்ட் தகுதி எய்தியது. ஆயினும், 2007இல் பதினாறு அணிகளை ஏற்ற உலகக் கிண்ணம் 2019இல் பத்தாகச் சுருங்க, அயர்லாந்துக்கு அங்கு இடமில்லாது போயிற்று. பயிற்சி எத்துணை சிறப்பினும், தேர்வு மண்டபத்தின் வாயில் திறந்திருந்தாலன்றோ பயன் விளையும்!