பதிவேடு யார் கையில்?

1801 மே 24 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இரண்டாவது முறையாகக் கும்பெனிப் படையிடம் விழுந்தது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதோடு அந்தப் பாளையத்தின் கதை முடிந்தது என்றுதான் கும்பெனி நினைத்திருந்தது. ஆனால் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பிவந்த அவர் தம்பி ஊமைத்துரை, சில நாட்களுக்குள் அதே இடத்தில் மண்கோட்டையை மறுபடி எழுப்பினார். மார்ச் 31 அன்று நடந்த தாக்குதலை அந்தக் கோட்டை முறியடித்தும் விட்டது. ஆகவே இரண்டாம் முறை கைப்பற்றியவர்கள் மதிலை இடித்ததோடு நிற்கவில்லை. கோட்டை நின்ற மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். மாவட்டப் பதிவேடுகளில் பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரே இருக்கக் கூடாது என்று நீக்கினார்கள். இடித்த மதிலை ஆறேழு நாளில் கட்டிவிட முடியும், பதிவேட்டில் அடித்த பெயரை அப்படி மீட்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. அதில் பாதி சரி, பாதி தவறு. நிலையான முகவரி எதுவும் பொருளோடு கூடப் பிறப்பதில்லை, ஒரு பதிவேட்டில் எழுதப்படுவதால்தான் அது நிலைக்கிறது. எனவே அந்தப் பதிவேடு யார் கையில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. இந்தக் கரிசல் மண்ணின் இருநூறு ஆண்டு வரலாறு இதைத்தான் காட்டுகிறது. இன்று வீட்டுக்கு வீடு வந்துவிட்ட இணைய வலையமைப்புக்கும் இது அப்படியே பொருந்தும் என்பது என் வாதம்.

தவறிய பாதியை முதலில் பார்ப்போம். பெயரை அழித்தவர்களின் சொந்தப் போர் அறிக்கைகளிலேயே அந்தப் பெயர் தங்கிவிட்டது. முற்றுகையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தம் இராணுவ நினைவுக் குறிப்புகளில் அதை எழுதினார். 1881இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றிலும் அதற்குப் பெரிய இடம் உண்டு. ஊருக்குள் ஜக்கம்மாள் வழிபாடும், கட்டபொம்மன் கதைப்பாடலும் அதைச் சுமந்தன. 1974இல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை எழுப்பியபோது இடத்தைத் தேடி யாரும் அலையவில்லை. இதை வைத்து, மக்கள் நாவில் இருந்தால் போதும், பதிவேடு எதற்கு என்று கேட்கலாம். பெயரைப் பொறுத்தவரை அது உண்மை. உரிமையைப் பொறுத்தவரை உண்மையில்லை. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்து ஊர்கள் எட்டயபுரம், மேல்மாந்தை, மணியாச்சி என்று கும்பெனிக்குத் துணைநின்ற பாளையங்களுக்குப் பங்கு போயின. எத்தனை பாட்டுப் பாடியும் அவை திரும்பவில்லை. நாவு பெயரைக் காத்தது. நிலம் பதிவேட்டின் வழியே போயிற்று.

பதிவேட்டின் வலிமை இந்த மண்ணில் வேர்விட்டது நில அளவையால். அதற்கு முன்பு ஒரு புஞ்சைக்கு அடையாளம் நான்கெல்லைதான்: கிழக்கே ஓடை, மேற்கே இன்னாருடைய நிலம், வடக்கே வண்டிப்பாதை, தெற்கே குளத்துக்கரை. ஓடை இடம் மாறலாம், இன்னார் நிலத்தை விற்றுவிட்டுப் போகலாம். அப்போது எல்லையும் கூடவே நகரும். அளவைக் கல் நட்டு, ஒவ்வொரு புலத்துக்கும் எண் கொடுத்த பிறகு, உழவர் மாறினாலும் பயிர் மாறினாலும் எண் மாறவில்லை. சென்னை மாகாணத்தின் 1923ஆம் ஆண்டு அளவை மற்றும் எல்லைச் சட்டம் அந்தக் கற்களுக்குச் சட்டக் காவல் தந்தது. ஜமீன்களின் கீழ் கிடந்த பகுதிகளில், 1948ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே உழவர்கள் அரசிடம் நேரே பட்டா பெற வழி பிறந்தது. இன்றும் ஒரு கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தைப் படித்தால் இரண்டு காலமும் அடுத்தடுத்த வரியில் நிற்கின்றன. முதலில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு. அதன் கீழே பழைய வழக்கப்படி நான்கெல்லை. எண்ணை எழுதியவர்கள் எல்லையை விடவில்லை. ஒன்று பிசகினால் மற்றொன்று சாட்சி சொல்லும் என்பதற்காகத்தான்.

புல எண் வரி வசூலுக்காக வந்தது, குடியானவர் நன்மைக்காக அல்ல என்ற மறுப்பு வலுவானது. அதன் தொடக்கம் அப்படித்தான். எவன் எவ்வளவு தர வேண்டும் என்று தெரிந்துகொள்ள அரசு போட்ட எண் அது. ஆனால் அதே எண்தான், அடுத்த வயல்காரர் வரப்பை நகர்த்தும்போது ஏழைக் குடியானவர் காட்டக்கூடிய ஒரே ஆதாரமாகவும் ஆனது. பதிவேட்டின் உண்மையான குறை வேறு: அதில் பிழை நுழைந்தால் உரியவரால் எளிதில் திருத்த முடிவதில்லை. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனப்பட்ட நிலப் பதிவேடு மேம்பாட்டில் பெயரோ உட்பிரிவோ மாறிப்போனவர்கள் இன்றும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கிறார்கள். எண் நிலையாக இருப்பது நல்லது. தவறு நிலையாகிவிடுவது கேடு.

எண்ணைவிடப் பெயர் நினைவில் நிற்குமே, பெயரையே முகவரியாக வைத்தால் என்ன என்ற கேள்விக்குக் கோவில்பட்டியே விடை. திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த அந்த ஊர், 1986 அக்டோபரில் பிரிந்த சிதம்பரனார் மாவட்டத்துக்குப் போனது. 1997இல் தலைவர்கள் பெயர்களை மாவட்டங்களிலிருந்து அரசு எடுத்தபோது அந்த மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது. கட்டபொம்மன் பெயரைத் தாங்கியிருந்த நெல்லை மாவட்டமும் அப்போது அதை இழந்தது. பெயர்ப் பலகைகள் மாறின. 1972 ஆகஸ்ட் 15 அன்று நாடெங்கும் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணின் வரிசையில் கோவில்பட்டிக்கு உரிய 628501 மாறவில்லை. பெயருக்கு அரசியல் உண்டு, பெருமை உண்டு. அதனால்தான் அது மாறுகிறது. உணர்ச்சி ஒட்டாத எண் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. பெயர் மனிதருக்கு, எண் வழிக்கு. இரண்டும் வேண்டும்.

வீட்டு வலையமைப்பில் இந்த வரலாறு சிறிய அளவில் திரும்ப நடக்கிறது. ரவுட்டரோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும். 1981இல் வரையறுக்கப்பட்ட ஐபி நான்காம் பதிப்பில் மொத்த முகவரிகளே சுமார் 430 கோடிதான். அவை போதாமல் போகும் என்று தெரிந்ததும், எந்த வீடும் தனக்குள் பயன்படுத்திக்கொள்ள 192.168 என்று தொடங்குவது போன்ற சில தொகுதிகளை 1994இல் ஒதுக்கினார்கள். அந்தத் தொகுதியிலிருந்து ரவுட்டர் தானாக முகவரி வழங்கும் முறைதான் டிஹெச்சிபி. அது தருவது குத்தகை. தவணை முடிந்து கருவி திரும்பி வரும்போது வேறு எண் கிடைக்கலாம். கைபேசிக்கு அதனால் நட்டமில்லை. ஆனால் பிரின்டரையும், சிசிடிவி பதிவுப் பெட்டியையும் மற்றக் கருவிகள் தேடி வருகின்றன. நேற்று 192.168.1.23இல் இருந்த பிரின்டர் மின்தடைக்குப் பின் 192.168.1.31க்குப் போய்விட்டால், பழைய எண்ணை நம்பியிருக்கும் கணினியிலிருந்து தாள் வராது.

நிலையான எண்ணைக் கொடுக்க இரண்டு வழி உண்டு. கருவிக்குள்ளேயே எண்ணை எழுதிவிடுவது ஒன்று. அது ரவுட்டருக்குத் தெரியாமல் நடப்பதால், அதே எண்ணை ரவுட்டர் வேறொரு கருவிக்கு வழங்கி, இரண்டும் மோதிக்கொள்ளக்கூடும். ஒரே புலத்துக்கு இரண்டு பட்டா போட்டது போலத்தான். மற்றது, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், கருவியை அடையாளம் காட்டும் மேக் முகவரியைக் குறித்து, அதற்கு இந்த எண்தான் என்று ஒதுக்கிவைப்பது. இங்கே பதிவேடு ஒன்றே, வழங்குபவரும் ஒருவரே. வரலாறு இந்த இரண்டாவது வழியின் பக்கம்தான் நிற்கிறது. முகவரியின் கடைசிப் பகுதியில் தானாக வழங்க 100 முதல் 200 வரை, ஒதுக்கீட்டுக்கு 100க்குக் கீழே என்று பிரித்துக்கொண்டால் குழப்பமே வராது.

ஒரு வீட்டுப் பிரின்டரைப் பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துப் பேசுவது அங்கே சிந்திய குருதியைச் சிறுமைப்படுத்தாதா என்று கேட்பவர் உண்டு. இழப்பை நான் ஒப்பிடவில்லை. அதிகாரம் இயங்கும் விதத்தைச் சொல்கிறேன். நிலையான முகவரி நம்மைக் கண்காணிக்க உதவுமே என்பது இன்னொரு கவலை. வீட்டுக்குள் வழங்கும் 192.168 எண்ணை வைத்து வெளி இணையத்திலிருந்து யாரும் நேராக நுழைய முடியாது. ஆபத்து அந்த எண்ணில் இல்லை. வெளியிலிருந்து கேமராவைப் பார்க்க ரவுட்டரில் வாசல் திறந்துவிடுவதிலும், ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதிலும்தான் இருக்கிறது. கும்பெனி எழுதிய பதிவேட்டில் இந்த மண்ணின் மக்களுக்குக் கையில்லை. அளவைப் பதிவேட்டில் மனுப் போடும் உரிமை கிடைத்தது. வீட்டு ரவுட்டரில் எழுதும் உரிமை முழுவதும் வீட்டாருடையது. அந்த உரிமையைக் கேபிள்காரரிடம் விட்டுவிடாமல், கடவுச்சொல்லை மாற்றி, எந்தக் கருவிக்கு எந்த எண் என்று ஒரு நோட்டிலும் எழுதி வைப்பது நம் கடமை. ரவுட்டர் பழுதாகி மாற்றும் நாளில் அந்த நோட்டைப் பார்த்து வீட்டில் யார் வேண்டுமானாலும் எல்லா எண்களையும் மறுபடி பதிந்துவிடலாம்.