புயல் கரையில் சொந்த வீடு: காப்புறுதிச் சந்தா ஏன் இப்படி ஏறுகிறது?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வீடு வாங்குபவர்களில் பெரும்பாலோர் 30 ஆண்டு நிலையான வட்டியில் கடன் எடுக்கிறார்கள். முதல் மாதம் அசலும் வட்டியுமாக எவ்வளவு கட்டினார்களோ, அதே தொகைதான் கடைசி மாதமும். ஆனாலும் மாதத் தவணை ஏறிக்கொண்டே போகிறது. காரணம், வீட்டு வரியும் காப்புறுதிச் சந்தாவும் அந்தத் தவணையோடு சேர்த்தே வசூலிக்கப்படுகின்றன. சில ஆண்டுகளுக்குள் சந்தா இரு மடங்கான குடும்பங்கள் அங்கே ஏராளம்.

வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. கடன் பாக்கி உள்ளவரை வீடு வங்கியின் அடமானத்தில் இருக்கிறது. காப்புறுதி காலாவதியானால் வங்கியே ஒன்றை எடுத்து, செலவைக் கடன் வாங்கியவர் கணக்கில் சேர்த்துவிடும். அந்தச் சந்தா வழக்கத்தைவிட அதிகம். அதில் கிடைக்கும் பாதுகாப்போ குறைவு.

புளோரிடா மட்டுமல்ல, மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய லூசியானா போன்ற மாநிலங்களிலும் இதே நிலைதான். சூறாவளி வந்தால்தான் வீடு போகும் என்ற காலம் மாறி, சூறாவளி வராத ஆண்டிலும் சந்தா கட்ட முடியாமல் வீட்டை விற்கும் நிலை வந்திருக்கிறது.

ஒரு வீடு, இரண்டு காப்புறுதி

அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்புறுதி தீ, திருட்டு, காற்று ஆகியவற்றால் ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு தரும். வெள்ளத்துக்குத் தராது. சூறாவளியோ காற்றையும் வெள்ளத்தையும் ஒன்றாகவே கொண்டுவருகிறது.

பொது விதி இதுதான். காற்று கூரையைப் பிய்த்து, அந்தத் திறப்பு வழியாக மழைநீர் உள்ளே கொட்டினால் அது காற்றுச் சேதம். கடலோ ஆறோ பொங்கி, தரைவழியாக நீர் உள்ளே ஏறினால் அது வெள்ளம். முதலாவதற்கு வீட்டுக் காப்புறுதி பணம் தரும். இரண்டாவதற்குத் தனியாக வெள்ளக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும்.

2005 ஆகஸ்ட் 29ஆம் தேதி கத்ரினா சூறாவளி தாக்கியபோது, மிசிசிப்பி கடற்கரையில் பல வீடுகளில் சிமெண்டுத் தளம் மட்டுமே மிஞ்சியது. சுவர்களைக் கொண்டுபோனது காற்றா, கடலா? நிறுவனங்கள் கடல் என்றன, வீட்டுக்காரர்கள் காற்று என்றார்கள். சாட்சி சொல்லச் சுவர் இல்லை. அந்த வழக்குகள் பல ஆண்டுகள் இழுத்தன.

வெள்ளக் காப்புறுதியைப் பெரும்பாலும் அமெரிக்க மத்திய அரசே வழங்குகிறது. 1968இல் தொடங்கிய இத்திட்டத்தில் வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 250,000 டாலரும், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 100,000 டாலரும் கிடைக்கும். வீடு சரியாகும்வரை வெளியே தங்கும் செலவு இதில் கிடையாது. பொதுவாக எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் நடப்புக்கு வரும். ஆகவே புயல் எச்சரிக்கை கேட்டபின் எடுத்துப் பயனில்லை.

ஆண்டுக்கு 1 விழுக்காடு வெள்ள வாய்ப்புள்ள பகுதிகளில் கடன் வாங்குவோருக்கு இது கட்டாயம். ஒரு விழுக்காடு சிறிதாகத் தோன்றும். 30 ஆண்டுக் கடன் காலத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு முறையாவது வெள்ளம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 26 விழுக்காடு. கட்டாயப் பகுதிக்கு வெளியே இருப்பவர்களில் பெரும்பாலோர் எடுப்பதில்லை. 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி கடலிலிருந்து வெகு தூரத்தில் உள்ள வட கரோலினா மலைப் பகுதியை மூழ்கடித்தபோது, அங்கே மிகப் பெரும்பாலான வீடுகளுக்கு வெள்ளக் காப்புறுதி இல்லை.

2021 அக்டோபர் முதல் அரசு ஒவ்வொரு வீட்டின் ஆபத்தையும் தனித்தனியே கணக்கிட்டு வெள்ளச் சந்தாவை நிர்ணயிக்கிறது. குடியிருக்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டு உயர்வு 18 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். ஆனால் அந்த 18 விழுக்காடு ஒவ்வோர் ஆண்டும் வரலாம்.

முதலில் சொந்தப் பணம்

சந்தா கட்டிவந்தாலும் சேதம் முழுவதற்கும் பணம் கிடைக்காது. முதல் பகுதியை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும். தீ, திருட்டு போன்றவற்றுக்கு இது பெரும்பாலும் ஒரு நிலையான தொகை. சூறாவளிக்கு மட்டும் வீட்டின் காப்புறுதித் தொகையில் 2, 5 அல்லது 10 விழுக்காடு என்று கணக்கிடுவது வழக்கம்.

300,000 டாலருக்குக் காப்புறுதி செய்த வீட்டுக்கு 5 விழுக்காடு என்றால் 15,000 டாலர். கூரைச் சேதம் 14,000 டாலர் என்றால் நிறுவனம் ஒரு காசும் தராது. சந்தாவைக் குறைக்க 10 விழுக்காட்டைத் தேர்ந்தெடுப்பவர், புயல் நாளில் 30,000 டாலரைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஆண்ட்ரூ கற்றுக்கொடுத்த பாடம்

1992 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஆண்ட்ரூ சூறாவளி மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பகுதியைத் தரைமட்டமாக்கியது. காப்புறுதி நிறுவனங்கள் ஏறக்குறைய 15 பில்லியன் டாலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. பல நிறுவனங்கள் திவாலாயின. அதுவரை கடந்தகால இழப்புகளின் சராசரியைப் பார்த்துச் சந்தா நிர்ணயித்தவர்கள், அதன்பின் கணினி மாதிரிகளைக் கொண்டு இனி வரக்கூடிய புயலைக் கணக்கிடத் தொடங்கினார்கள். நாடு தழுவிய பெரிய நிறுவனங்கள் புளோரிடாவில் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டன. அந்த இடத்தைச் சிறிய உள்ளூர் நிறுவனங்கள் நிரப்பின.

2004இல் ஆறே வாரங்களில் நான்கு சூறாவளிகள் புளோரிடாவைத் தாக்கின. 2005இல் மேலும் சில. பிறகு ஓர் அதிசயம்: 2005 அக்டோபரில் வந்த வில்மாவுக்குப் பின், 2016 செப்டம்பர் வரை ஒரு சூறாவளிகூட புளோரிடாவில் கரையைக் கடக்கவில்லை. அந்த அமைதியில் சிறிய நிறுவனங்கள் வளர்ந்தன. மக்களும் கடற்கரையை நோக்கிக் குடியேறினார்கள். 1990இல் 12.9 மில்லியனாக இருந்த புளோரிடாவின் மக்கள்தொகை 2020இல் 21.5 மில்லியன் ஆனது.

அமைதி கலைந்தபோது அடி பலமாக இருந்தது. 2017இல் இர்மா, 2018இல் மைக்கேல், 2022 செப்டம்பர் 28ஆம் தேதி ஃபோர்ட் மையர்ஸ் அருகே இயன். இயன் ஏற்படுத்திய மொத்தச் சேதம் 100 பில்லியன் டாலருக்கும் மேல் என்று அமெரிக்க அரசு மதிப்பிட்டது. 2024இல் ஹெலீன் வந்து இரண்டே வாரத்தில் மில்டன் வந்தது.

சந்தாவை ஏற்றும் மூன்று சுமைகள்

புயல்களின் எண்ணிக்கை மட்டும் காரணமல்ல. அதற்கு மேல் மூன்று சுமைகள் உள்ளன.

முதலாவது, திரும்பக் கட்டும் செலவு. கொவிட் காலத்துக்குப் பின் மரம், கூரைப் பொருள், கூலி எல்லாம் ஏறின. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கூரைகள் போனால், கூரை வேலை செய்பவர் கேட்பதுதான் கூலி.

இரண்டாவது, மறுகாப்புறுதி. காப்புறுதி நிறுவனமும் தனக்கு ஒரு காப்புறுதி எடுத்துக்கொள்கிறது. பெர்முடா, லண்டன், மூனிக், சூரிக் ஆகிய இடங்களில் உள்ள பெரிய நிறுவனங்கள் இதை விற்கின்றன. சொந்த மூலதனம் குறைந்த புளோரிடா நிறுவனங்கள் இதையே பெரிதும் நம்பியிருக்கின்றன. இயனுக்குப் பின் 2023இல் மறுகாப்புறுதி விலை கடுமையாக ஏறியபோது, அந்தச் செலவு நேராக வீட்டுக்காரர் சந்தாவில் வந்து விழுந்தது.

மூன்றாவது, வழக்குகள். அமெரிக்கா முழுவதிலும் எழும் வீட்டு இழப்பீட்டுக் கோரிக்கைகளில் புளோரிடாவின் பங்கு 10 விழுக்காட்டுக்கும் குறைவு. வழக்குகளிலோ அதன் பங்கு முக்கால்வாசி என்று மாநிலக் கண்காணிப்பு அலுவலகம் கணக்குக் காட்டியது. வீட்டுக்காரர் வென்றால் அவருடைய வழக்கறிஞர் கட்டணத்தை நிறுவனம் கொடுக்க வேண்டும், தோற்றால் நிறுவனத்தின் கட்டணத்தை அவர் கொடுக்க வேண்டியதில்லை என்ற பழைய விதி இதற்கு வழிவிட்டது. வீடு வீடாகச் சென்று, "இலவசமாகக் கூரை மாற்றித் தருகிறோம், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்ற குத்தகைக்காரர்களும் இருந்தார்கள்.

2022 டிசம்பரில் மாநிலச் சட்டமன்றம் அந்த விதியை நீக்கியது. அதன்பின் புதிய நிறுவனங்கள் சில வந்தன. 2024 முதல் உயர்வின் வேகமும் தணிந்தது. ஆனால் இதற்கு மறுபக்கம் உண்டு. நிறுவனம் குறைவாகக் கொடுத்தால் எதிர்த்து வழக்காட, சிறிய வீட்டுக்காரர் இனி வழக்கறிஞருக்குத் தன் பணத்தையே செலவிட வேண்டும். சந்தா தணிந்ததன் விலையில் ஒரு பகுதி அது.

கடைசிப் புகலிடம்

தனியார் நிறுவனங்கள் கைவிடும் வீடுகளை ஏற்க, 2002இல் சிட்டிஸன்ஸ் என்ற மாநில அமைப்பு உருவானது. 2022இல் மட்டும் ஆறு நிறுவனங்கள் நொடித்துப்போக, மக்கள் அங்கே குவிந்தார்கள். 2023இல் அதன் வாடிக்கையாளர் எண்ணிக்கை 1.4 மில்லியனைத் தாண்டியது. பிறகு தனியார் நிறுவனங்களுக்கு மாற்றியதால் குறைந்தது. தனியார் நிறுவனம் ஒன்று சிட்டிஸன்ஸ் சந்தாவைவிட 20 விழுக்காட்டுக்குள் கூடுதலாகக் கேட்டால், வீட்டுக்காரர் அங்கே மாறியாக வேண்டும். வெள்ளக் காப்புறுதியும் அதன் வாடிக்கையாளர்களுக்குப் படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது.

சிட்டிஸன்ஸிடம் பணம் தீர்ந்தால், பற்றாக்குறையை அதன் வாடிக்கையாளர்களிடமும், பிறகு மாநிலத்தின் மற்றக் காப்புறுதிதாரர்களிடமும் கூடுதல் கட்டணமாக வசூலிக்கலாம். வாகனக் காப்புறுதிகூட இதில் சேரும். 2004, 2005 புயல்களின் கணக்கை புளோரிடா மக்கள் 2015 வரை கட்டினார்கள். கடற்கரை மாளிகையின் ஆபத்தில், உள்நாட்டில் பழைய கார் ஓட்டுபவருக்கும் பங்கு உண்டு.

லூசியானாவில் இன்னும் கடுமை. 2020இன் லாரா, 2021இன் ஐடா சூறாவளிகளுக்குப் பின் அங்கே பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் விழுந்தன. மாநிலத்தின் கடைசிப் புகலிட அமைப்பு 2023இல் சந்தாவைச் சராசரியாக 63 விழுக்காடு உயர்த்தியது.

துணிந்து விடுபவர்கள்

கடனை அடைத்து முடித்தவருக்குக் காப்புறுதி கட்டாயமில்லை. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள், தாத்தா காலத்து வீட்டைப் பெற்ற குடும்பங்கள், நகரக்கூடிய தகர வீடுகளில் வாழ்பவர்கள் ஆகியோரே சந்தாவைத் தாங்க முடியாமல் முதலில் விடுகிறார்கள். புயலில் எளிதில் உடையும் வீடுகளும் இவர்களுடையவைதான். வசதியுள்ளவர் தன் சேமிப்பில் வீட்டைத் திரும்பக் கட்டிக்கொள்வார். இவர்களுக்கு அந்த வீடுதான் சேமிப்பு.

கூரையைக் கெட்டியாக்கினால்

வீட்டுக்காரர் கையில் உள்ள வழிகளில் முக்கியமானது கூரை. கூரைச் சட்டத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைப்பது, பலகைகளை நெருக்கமாக ஆணியடிப்பது, சன்னலுக்குப் புயல் தடுப்புப் பலகை பொருத்துவது போன்றவற்றுக்கு புளோரிடாவில் நிறுவனங்கள் சந்தாவில் தள்ளுபடி தரவேண்டும். ஒரு வீட்டுக்காரர் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் இரண்டு டாலர் என, 10,000 டாலர் வரை மாநில அரசு உதவும் திட்டமும் உண்டு. அலபாமா 2016 முதல் கூரையை வலுப்படுத்த இதே போன்ற மானியம் தருகிறது. ஆனால் மானியத்துக்கு ஆண்டுதோறும் ஒதுக்கும் நிதி தேவைக்குப் போதுவதில்லை.

மலேசியாவில் பார்க்கவேண்டியவை

மலேசியாவில் சூறாவளி அரிது. வெள்ளம் உண்டு. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த 2021 டிசம்பர் வெள்ளத்தையும் 2022 தொடக்கத்தின் வெள்ளத்தையும் சேர்த்து, நாட்டின் இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. புளோரிடாவில் பலரை ஏமாற்றிய கேள்வி இங்கும் அதேதான்: எந்தச் சேதத்துக்குப் பணம் கிடைக்கும்?

- அடிப்படைத் தீக் காப்புறுதி தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே. வெள்ளத்தைத் தனியே சேர்க்க வேண்டும்.
- வீட்டு உரிமையாளர் காப்புறுதியில் வெள்ளம் பொதுவாக அடங்கும். நிலச்சரிவு பெரும்பாலும் அடங்காது. கேட்டுச் சேர்க்க வேண்டும்.
- நாற்காலி, தொலைக்காட்சி, துணிமணிக்கு வீட்டுப் பொருள் காப்புறுதி தனி. அடுக்குமாடியில் நிர்வாகம் எடுத்திருப்பது கட்டடத்துக்குத்தான், வீட்டுக்குள் உள்ள பொருளுக்கல்ல.
- வங்கிக் கடனோடு எடுக்கும் எம்ஆர்டிஏ, கடன் வாங்கியவர் இறந்தால் அல்லது நிரந்தர முழு ஊனமடைந்தால் கடனை அடைப்பதற்கானது. வீடு இடிந்தாலும் மூழ்கினாலும் அதில் பணம் வராது.
- காப்புறுதித் தொகை, வீட்டைத் திரும்பக் கட்டும் செலவுக்கு ஈடாக இருக்க வேண்டும். கட்ட 200,000 ரிங்கிட் ஆகும் வீட்டுக்கு 100,000க்கு மட்டும் எடுத்திருந்தால், 40,000 ரிங்கிட் சேதத்துக்குப் பாதியான 20,000தான் கிடைக்கலாம்.

இந்த ஐந்தையும் சரிபார்க்கச் செலவில்லை. ஆண்டுப் புதுப்பிப்புக் கடிதம் வரும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன் முகவரிடம் கேட்டால் போதும். வெள்ளம் வடிந்தபின் கேட்டால், பதில் தெரியும், பணம் வராது.