தென்காசிச் சீமையில் வில் எங்கே போச்சு?

வில் பழகப் புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நினைப்போடுதான் போகிறார்கள்: வில்லைக் கையில் தருவார்கள், குறி பார்க்கச் சொல்லுவார்கள். நடப்பது வேறு. முதல் பாடம் காலில் இருந்துதான் தொடங்கும். தோள் அகலத்துக்குக் காலை அகட்டி நில், இடுப்பு அசையக் கூடாது, தோளைத் தூக்காதே. குறி எல்லாம் அப்புறம்.

இது ஏதோ வெளிநாட்டுக் கோச்சிங் முறை என்று நினைத்துவிட வேண்டாம். நம்முடைய பழைய நிகண்டு மரபிலும் 'வில்லோர் நிலை நான்கு' என்று ஒரு பட்டியல் உண்டு. பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம். பைசாசம் என்றால் ஒரு காலில் நின்று மறுகாலை மடக்குவது. மண்டலம், இரண்டு காலையும் வளைத்து நிற்பது. ஆலீடத்தில் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. கால் மாறினால் பிரத்தியாலீடம். நான்குமே காலைப் பற்றியவை. கண்ணைப் பற்றி ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா?

கருவிகளுக்கும் சொல் இருக்கிறது. நாண் உரசி முன்கை கன்றிப் போவது புதிதாகப் பழகுகிற எல்லாருக்கும் தெரிந்த வலி. அதைத் தடுக்க இன்றைக்கு 'ஆர்ம் கார்டு' கட்டுகிறோம். பழந்தமிழில் அந்தத் தோல் கட்டுக்குக் கோதை என்று பெயர். நாணை இழுக்கும் விரலுக்குப் போடும் உறை புட்டில். சொல் இருந்தது என்றால் பழக்கமும் இருந்தது என்றுதானே அர்த்தம்?

கல்லிலும் வில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய தென்காசி காசிவிசுவநாதர் கோயிலில் மன்மதன் சிலை உண்டு. திருநெல்வேலிப் பக்கம் கிருஷ்ணாபுரம் போனால் நாயக்கர் காலத்துக் கர்ணன், அர்ச்சுனன் சிலைகளைப் பார்க்கலாம். சொல்லில் இருக்கிறது, கல்லில் இருக்கிறது. அப்படியென்றால் இந்தச் சீமையில் கையில் இருந்த வில் எங்கே போச்சு?

18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் ஒரு குறிப்பு கிடைக்கிறது. அதில் சிங்கன் பறவை பிடிக்க வருகிறான். அவன் நம்பி வருவது கண்ணியை, வில்லை அல்ல. போர்க்களத்திலும் நிலைமை மாறியிருந்தது. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் காலத்தில் எதிரே நின்றது துப்பாக்கியும் பீரங்கியும். பாளையக்காரர் போர்களைப் பற்றிப் படிக்கும்போது ஈட்டி, வாள், துப்பாக்கி, வளரி என்றுதான் அதிகம் வருகிறது. கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரச் சிப்பாய் நம்மூரில் ஆயுதம் பழகியபோது அவர் கைக்கு வந்தது வளரி.

ஆனால் எல்லா இடத்திலும் வில் அப்படி ஒதுங்கிவிடவில்லை. இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், வடக்கே வயநாட்டில், 1802இல் தலக்கல் சந்துவின் தலைமையில் குறிச்சியர்கள் பனமரத்தில் இருந்த கம்பெனிப் படையை வில்லும் அம்பும் கொண்டு வீழ்த்தினார்கள். காட்டு வேட்டை அன்றாடப் பிழைப்பாக இருந்த இடத்தில் வில் உயிரோடு இருந்தது.

சட்டமும் வந்தது. பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு 1801 டிசம்பரில் எட்வர்ட் கிளைவ் ஆயுதங்களுக்குத் தடை போட்டார். 1878ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுக்கும் இடத்தில் பீரங்கி, வாள், ஈட்டியோடு வில்லும் அம்பும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. வில் மறைந்ததற்குச் சட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். துப்பாக்கி முன்பே பாதி வேலையை முடித்திருந்தது. ஆனாலும் பீரங்கி வைத்திருந்த அரசு மூங்கில் வில்லையும் விட்டுவைக்கவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். 1959ஆம் வருடச் சட்டத்தின் விளக்கத்தில் வில் அம்பு என்ற பெயர் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் நம் பக்கத்தில் வில் ஒரு இடத்தில் தப்பித்தது. வில்லுப்பாட்டு! சுடலைமாடன் கொடையோ அம்மன் கொடையோ, வில் இல்லாமல் சோபிக்குமா? பெரிய வில், அதில் தோல் நாண், வரிசையாக மணிகள், வில்லைத் தாங்க ஒரு குடம், அடிக்க வீசுகோல். வேட்டைக்குப் போன இடத்தில் களைப்புத் தீர வில்லில் மணி கட்டிப் பாடியதுதான் தொடக்கம் என்று ஒரு கதையும் சொல்லுவார்கள். கதை உண்மையோ இல்லையோ, அம்பு போன பிறகும் வில் இங்கே மேடையில் இருந்தது.

வில் கையை விட்டுப் போகாத ஊர்களில் என்ன நடந்தது? ராஜஸ்தானின் பழங்குடிக் கிராமத்தில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம் 1987இல் நடந்த தேர்வில் கண்டெடுக்கப்பட்டார். அடுத்த வருடமே, 1988 சியோல் ஒலிம்பிக்கில், இந்திய வில் அணியில் நின்றார். திறமை வானத்திலிருந்து விழவில்லை. சின்ன வயதிலேயே கையில் வில் இருந்தது, அவ்வளவுதான்.

அதனால் இன்றைக்குத் தென்காசியிலோ குற்றாலத்திலோ ஒரு பிள்ளை வில் பழக ஆசைப்பட்டால் "இது நம்ம ஊர் விளையாட்டா?" என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. இழுக்க லேசான வில்லாக எடுக்கட்டும். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் என்றாலும், பழகும்போது பத்து மீட்டருக்குள் போதும். இரண்டு கண்ணில் எது ஓங்கிய கண் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கையில் வில் பிடிப்பது என்பது அதைப் பொறுத்தது. அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடவே கூடாது, வில் முறிந்துவிடும். ஒவ்வொரு முறையும் நாண் தாடைக்குக் கீழே ஒரே இடத்துக்கு வர வேண்டும். ஆள் முன்னே நிற்கும்போது வில்லைத் தூக்கக் கூடாது.

அதற்கெல்லாம் முன்னால் கால். பெயர் கேட்டால் ஆலீடம் என்று சொல்லிக்கொடுங்கள்.